கண்ணுக் காத்து

சென்னை தினம் வரும் ஆகஸ்ட் மாதம் பிறந்தால் இந்த நகரத்துக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும். டிராம் ஓடிய தெரு, மாட்டு வண்டி நின்ற சந்தை, கறுப்பு வெள்ளைக் கடற்கரை என்று படங்கள் கைபேசிக்குக் கைபேசி தாவும். சென்ற ஆண்டு ஒரு சிறப்பு மலர் தயாரித்தவர் என்னையும் அழைத்தார். 'என் சிறுவயதுச் சென்னையின் வாசனை' என்பது தலைப்பு. மயிலாப்பூர்க்காரர் ஒருவர் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனையை எழுதித் தந்துவிட்டாராம். இன்னொருவர் பாரிமுனைப் பழைய புத்தகங்களை எடுத்துக்கொண்டாராம். "நீங்க வடசென்னை இல்லையா, மீன் வாசனை மாதிரி ஏதாவது எழுதுங்களேன்" என்றார். நல்ல மனிதர்தான். முடியாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கோபம் அடங்க அரை நாள் ஆனது.

அவர் மேல் மட்டும் இல்லை அந்தக் கோபம். ஏறக்குறைய அதே கேள்வியை அரசாங்கம் ஒருமுறை எங்கள் தெருவுக்கு வந்து கேட்டது. தெரு சார்பில் பதில் சொன்னவள் நான். அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெரு திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் இருந்தது. கிழக்கே கடல். மேற்கே ரயில் பாதை, அதற்கு அப்பால் கால்வாய், கால்வாய்க்கு அப்பால் ஆலைகள். காலை பத்து பதினோரு மணி வரை காற்று மேற்கிலிருந்து வரும். அதன் பிறகு கடலிலிருந்து வரும். இதை நாங்கள் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை. கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்போம். தெருவிலிருந்த எல்லா வீட்டிலும் மேற்குப் பக்க ஜன்னலில் சணல் சாக்கு அடித்திருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஜன்னலை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. அது சுவரின் ஒரு பகுதி என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.

ஆலையிலிருந்து வருவதை நாங்கள் 'காத்து' என்று சொன்னோம். வெறும் காத்து. வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் முதல் நாள் குழம்பிப்போவார்கள். "காத்து வந்துட்ச்சி, கதவ சாத்து" என்று யாராவது கத்தினால், புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படிப் புரியும்? காத்தில் வகை உண்டு. அழுகிய முட்டை போல வருவது முட்டைக் காத்து. அது வந்தால் சாப்பாட்டை மூடி வைத்தால் போதும். அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து வருவது சாம்பக் காத்து. கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும். மூன்றாவதுதான் கண்ணுக் காத்து. அதற்கு வாசனை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது, அல்லது வாசனை தெரிவதற்கு முன்பே கண் எரியத் தொடங்கிவிடும். பிறகு மூக்கு. பிறகு தொண்டையில் யாரோ துடைப்பக்குச்சியால் நெருடுவது போல இருக்கும். அதற்கு ஈரத்துணி. ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர்க் குடத்தின் மேல் மடித்த துணி ஒன்று தயாராக இருக்கும். பள்ளிக்கூடத்தில் தீயணைப்புப் பயிற்சி சொல்லிக் கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் நான்கு வயதுக் குழந்தைக்கே அது தெரியும்.

'நாத்தம்' என்ற சொல்லை நாங்கள் வேறு இரண்டுக்கு வைத்திருந்தோம். ஒன்று கெட்டுப்போன மீன். இன்னொன்று பிடிக்காத மனிதர்.

இந்தச் சொல்லோடு எனக்குத் தனிப்பட்ட பகையும் உண்டு. நான் பேருந்தில் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போய்வந்தேன். எண்ணூர் பேருந்தில் வரும் எங்கள் ஐந்து பேருக்கும் வகுப்பில் ஜன்னலோரக் கடைசி பெஞ்சு. யாரும் அப்படி உத்தரவு போடவில்லை, தானாக அமைந்ததுதான். ஒருநாள் முன் பெஞ்சுக்காரி ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஏரியாவே நாறுமாமே" என்றாள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா, போகட்டும் விடு என்றாள். சித்திக்கு விடத் தெரியாது.

"எவளாவது நாத்தம்னு சொன்னா, எங்க தெருவுல அதெல்லாம் கெடையாது, ஒன் வாய மோந்து பாருன்னு சொல்லு. நம்ம தெருவுல டெய்லி பினாயில் ஊத்தறோம். அவ வூட்டாண்ட ஊத்தறாளா கேளு."

மறுநாள் அப்படியே சொன்னேன். வகுப்பு ஆசிரியை என்னை முட்டி போட வைத்தார். ஆனால் அதற்குப் பிறகு யாரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருஷமே ஒற்றைப் பெட்டியுடன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டுகிறவர். பாதி நாள் சாலையிலேயே நிற்கும் பிழைப்பு. அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனாள். வீட்டில் அதிகச் சத்தம் போடுகிறவளும் அதிகம் சிரிக்கிறவளும் சித்திதான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தள்ளுவண்டியில் நாஸ்டா கடை வைத்திருந்தாள். இட்டிலி, வடகறி, சனிக்கிழமை மட்டும் பூரி. கம்பி ஏற்றும் ஆட்கள் அவளை 'நாஸ்டாக்கா' என்பார்கள். நான்கு லாரி தள்ளி நிற்கிறவனைக்கூட அவள் குரலாலேயே சாப்பிடக் கூட்டிவிடுவாள். "ஏ மாமு, இரும்பத் தூக்கற ஒடம்பு, ரெண்டு இட்லி இன்னாத்துக்குப் பத்தும்? இன்னும் ரெண்டு வெய்யி" என்று அவளே தட்டில் போட்டுவிடுவாள். மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது.

அந்தக் குரல்தான் முதலில் குறைந்தது. கண்ணுக் காத்து பெரும்பாலும் விடியற்காலையில் வரும். ஆலையில் எதையோ திறந்துவிடும் நேரம் அது என்று தெருவில் சொன்னார்கள். சித்தி இட்டிலிப் பானையை அடுப்பில் ஏற்றுகிற நேரமும் அதுதான். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் படுத்திருக்கலாம். அவளால் முடியாது, மாவு காத்திருக்கும், மார்க்கெட் காத்திருக்கும். புகை போக வாசல் கதவு திறந்திருக்க வேண்டும். அந்த வருஷம் அவளுக்கு இழுப்பு வந்தது. முதலில் சளி என்றாள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற வழியில் ஒரு இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு இரண்டு இடத்தில்.

பெரியாஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் இளைஞர். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, எங்கே வீடு என்றார். சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டு, இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்ததும் சித்தி சிரித்தாள்.

"கேட்டியா? எடத்த மாத்திக்கணுமாம். நல்ல டாக்டரு. அவரு வூட்ல ஒரு ரூம் கீதான்னு கேக்காம வந்துட்டேன் பாரு."

சிரித்து முடிக்க அவளுக்கு நேரமானது. பாதியில் மூச்சு சிக்கிக்கொண்டது.

இடத்தை மாற்ற முடியாது என்பதால் காத்தை மாற்றுவது என்று சித்தி முடிவு செய்தாள். வீடு வீடாகப் போனாள். காலையில் அதைத் திறந்துவிடாதே, திறந்தால் எங்களுக்கு முன்கூட்டிச் சொல், முடியாவிட்டால் மூடு. இவ்வளவுதான் கோரிக்கை. சிலர் தயங்கினார்கள். தெருவில் மூன்று வீட்டில் ஆலைக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிற ஆண்கள் இருந்தார்கள். அவர்களிலேயே ஒருவர்தான் முதலில் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். அரசு அலுவலக வாசலில் மனு எழுதுகிறவரிடம் சித்தி என்னையும் கூட்டிப்போனாள். சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

"டெய்லி காத்து வருது, கண்ணு எரியுது, மூச்சு முட்டுதுன்னு எழுதுங்கோ."

"காத்து வருதுன்னா எவன்மா எடுப்பான்? காத்து வந்தா நல்லதுதானேம்பான்." அவர் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தார். பிறகு, 'சகிக்க முடியாத துர்நாற்றம் வீசுவதால்' என்று எழுதினார். "இதான் அவங்க வார்த்தை. இத எழுதினாத்தான் ஆள் வருவான்."

அவர் சொன்னதில் தவறில்லை. அந்தத் தாளில் எங்கள் வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

ஆள் வந்தார்கள். திங்கட்கிழமை வருவதாகத் தகவல் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சித்தி அன்று கடை போடவில்லை. வெளுத்த புடவை கட்டிக்கொண்டு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, மாலை வரை உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. புதன்கிழமை அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போன பிறகு, காலை ஒன்பதரை மணிக்கு ஜீப் வந்தது.

காலாண்டுத் தேர்வு விடுமுறை. தெரு முனையில் அப்போதுதான் தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. குடம் இருக்கிற வீட்டு ஆட்களெல்லாம் லாரியடியில் இருந்தார்கள். லாரியின் குழாயை விட்டுவிட்டு ஜீப்பைப் பார்க்க வருகிறவர் எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது. அம்மாவும் குடத்தோடு அங்கே போயிருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் வாசலில் நின்றேன்.

ஜீப்பிலிருந்து ஒரு பெண் அதிகாரி இறங்கினார். கஞ்சி போட்ட நூல் புடவை, கையில் அட்டை, அட்டையில் கிளிப் போட்ட படிவம். காற்று இன்னும் கடல் காற்றாக மாறவில்லை. இரண்டடி வைப்பதற்குள் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்தார். இன்னும் அதிகமாக வந்தது. நான் உள்ளே ஓடிக் குடத்தின் மேலிருந்த ஈரத்துணியைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"இத வெச்சிக்கோங்க மேடம். கண்ணுக் காத்து. தேய்க்காதீங்க, ஒத்திக்கினு இருங்க."

துணியை வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டார். இரவல் நாற்காலி இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் இருந்தது, அதில் உட்கார்ந்தார்.

"வீட்ல பெரியவங்க யாரும் இல்லையாம்மா?"

"தண்ணி லாரிக்குப் போயிருக்கிறார்கள் மேடம். நானே கூறுகிறேன். நான் ஏழாம் வகுப்பு." அதிகாரியிடம் புத்தகத் தமிழில்தான் பேச வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். ஜீப்பில் சாய்ந்து நின்ற டிரைவர் சிரித்தார். எங்கள் பக்கத்து ஆள்தான் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அதிகாரி ஒரு கையால் துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மறு கையால் பேனாவை எடுத்தார்.

"உங்க தெருவுல நாத்தம் அடிக்குதா?"

எனக்கு முகம் சூடானது. கடைசி பெஞ்சு, மூக்கைப் பிடித்த விரல், எல்லாம் ஒரே நொடியில் வந்தன. இவ்வளவு தூரம் ஜீப்பில் வந்து, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதே கேள்வியா?

"அதெல்லாம் எங்க தெருவுல கெடையாது மேடம்" என்றேன். புத்தகத் தமிழ் எங்கோ போய்விட்டது. "டெய்லி பினாயில் ஊத்தறோம். வேணும்னா நீங்களே மோந்து பாருங்கோ."

துணிக்கு மேலாக ஒரு கண் என்னைப் பார்த்தது. சிவந்து, நீர் வழிகிற கண். பிறகு படிவத்தில் பேனா ஒரு கட்டத்தைத் தொட்டது. நான் தலைகீழாகவே படித்தேன்: 'இல்லை.'

"காத்து எப்டி? நல்லா வருமா?"

இந்தக் கேள்விக்காகத்தானே சித்தி இரண்டு நாளாகக் காத்திருந்தாள். மூச்சு விடாமல் சொன்னேன்.

"ரொம்ப வரும் மேடம். டெய்லி வரும். விடிகாலைல கதவே தெறக்க முடியாது, அவ்ளோ காத்து."

பேனா இன்னொரு கட்டத்தைத் தொட்டது. 'காற்றோட்டம்: நன்று.'

அப்போது டிரைவர் ஜீப்பிலிருந்து நிமிர்ந்தார். "மேடம், இந்தப் பசங்க காத்துன்னு சொல்றது இன்னான்னா..."

"கேட்டதுக்கு பதில் வந்தாச்சு. வண்டிய எடுங்க" என்றார் அதிகாரி. ஈரத்துணியை மடித்து என்னிடம் கொடுத்தார். என் கன்னத்தைத் தட்டி, நன்றாகப் படிக்க வேண்டும் என்றார். ஜீப் வந்த வேகத்தைவிட வேகமாகப் போனது.

இந்தக் காட்சியைப் பல வருஷம் கழித்துத்தான் நான் சரியாகப் பார்த்தேன். பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து அரசு அறிக்கைகளைச் சுருக்கி எழுதும் வேலையில் இருந்தபோது, 'பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை' என்ற வரி வரும்போதெல்லாம் அந்தச் சிவந்த கண் நினைவுக்கு வரும். அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள நானும் முயன்றிருக்கிறேன். வெளியூர்க்காரர், எங்கள் பேச்சு புரியவில்லை, படிவத்தில் இருப்பதைத்தானே அவர் கேட்க முடியும். இவையெல்லாம் நிற்காது. அவருக்குப் பேச்சு புரிய வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய கண் அவருக்குச் சொன்னது. அழுதுகொண்டே 'இல்லை' என்று எழுதிய கை அது. சொல்ல வந்த டிரைவரை நிறுத்திய வாய் அது. ஒரு சிறுமி தப்பான வார்த்தையைச் சொன்னது அவருக்கு வசதியாகப் போயிற்று, அவ்வளவுதான். பெரியவர்கள் வரட்டும் என்று ஒரு பத்து நிமிஷம், லாரியில் தண்ணீர் தீரும்வரை, அவர் காத்திருந்திருக்கலாம். எங்கள் தெருவில் எல்லாரும் வாழ்நாள் முழுக்க விட்ட மூச்சை அவர் பத்து நிமிஷம் விட வேண்டியிருந்திருக்கும்.

இந்த நகரம் தனக்கு வேண்டாததையெல்லாம் வடக்கே தள்ளும். குப்பை கொடுங்கையூருக்கு, சாம்பல் எண்ணூருக்கு, புதிய துறைமுகம் வேண்டுமென்றால் காட்டுப்பள்ளிக்கு. தள்ளிவிட்டு, அங்கே இருப்பவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்கும். இப்போது எங்கள் பக்கம் மெட்ரோ ரயில் வந்துவிட்டது. தெருவுக்கு மேற்கே அடுக்குமாடி எழுகிறது. விளம்பரத் தட்டியில் கடலைப் பார்த்தபடி ஒரு குடும்பம் நிற்கிறது. நல்ல காற்றோட்டம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சென்ற மாதம் காலை ஏழு மணிக்கு அந்த வழியாகப் போனேன். என் கண் எரிந்தது.

சித்தி அந்தக் கள ஆய்வுக்குப் பிறகு நான்கு மார்கழி பார்த்தாள். ஐந்தாவதைப் பார்க்கவில்லை.

ஜீப் வந்துபோன அன்று மதியம் அவள் வீடு திரும்பியதும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நாத்தம் அடிக்கிறதா என்று கேட்டதையும், நான் கொடுத்த பதிலையும்தான் முதலில் சொன்னேன். சித்தி கையைத் தட்டினாள்.

"அப்டிப் போடு என் ராசாத்தி! ஜீப்புல வந்தா நாத்தம்னு கேட்டுடுவாளா? அப்பால?"

"காத்து வருதான்னு கேட்டாங்க. டெய்லி வரும், கதவே தெறக்க முடியாதுன்னேன்."

"எழுதிக்கினாளா?"

"எழுதிக்கினாங்க சித்தி. நான் பார்த்தேன்."

அவள் எனக்கென்று எடுத்துவைத்திருந்த வடகறியைக் கிண்ணத்தில் ஊற்றித் தந்தாள். சாயங்காலம் தெருவில் எல்லாரிடமும், எழுதிக்கினு போய்ட்டாங்க, இனிமே நிறுத்திடுவான் என்று சொல்லிவைத்தாள். ஏழாவது படிக்கிற பெண் சாட்சி சொன்னாள் என்று அவள் சொல்லவில்லை; நான் சின்னப் பிள்ளை என்பதால் யாராவது மதிக்காமல் விடலாம் என்று நினைத்திருப்பாள். தெரு, அதிகாரி தானாகவே பார்த்து எழுதிக்கொண்டு போனார் என்று எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் கொஞ்சம் குறை இருந்தது.

மழை வந்து போயிற்று. மார்கழியில் பனி இறங்கியதும் காத்து மேலே போகாமல் தரையோடு தங்கிவிட்டது. சித்தி வண்டியைத் தள்ள எதிர்வீட்டு அக்காவின் மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டாள். மார்க்கெட்டில் ஆட்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கரண்டியால் தட்டில் தட்டுவாள். "இன்னா நாஸ்டாக்கா, சவுண்டே காணோம்? சைலன்ஸர் மாட்டிக்கினியா?" என்று கேட்ட கம்பி ஏற்றும் ஆளிடம், "ஒன்ன மாதிரி கய்தைக்குத் தட்டுனா போதாதா?" என்றாளாம். இதை அவளேதான் வீட்டில் சொன்னாள். சொல்லும்போது இரண்டு இடத்தில் நிறுத்தினாள். ஆனாலும், மனு போட்டிருக்கிறோம், கடிதம் வந்துவிடும், அதுவரைக்கும் தள்ள வேண்டும் என்பதுதான் அவள் பேச்சாக இருந்தது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் கடிதம் வந்தது. பழுப்பு உறை, மேலே அரசாங்க முத்திரை. மனுவில் முதல் பெயர் சித்தியுடையது என்பதால் அவள் பெயருக்கே வந்திருந்தது. என்னைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னாள். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முக்காடு போட்டதுபோல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நான் ஒப்புவித்தல் போட்டியில் பரிசு வாங்கியவள். எழுந்து நின்று படித்தேன்.

"பார்வையில் காணும் மனுவின் மீது கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. மேற்படி தெருவில் துர்நாற்றம் ஏதும் இல்லை எனவும், காற்றோட்டம் நன்றாக உள்ளது எனவும் அப்பகுதிவாசிகளே தெரிவித்துள்ளதால், மேல் நடவடிக்கை தேவையில்லை எனக் கருதி மனு முடித்துவைக்கப்படுகிறது."

'அப்பகுதிவாசிகள்' என்ற இடத்தில் என் குரல் தானாக ஏறியது. அது நான்தான். அரசாங்கக் கடிதத்தில், அச்சடித்த எழுத்தில், பன்மையில் நான்.

சித்தி பாயில் முன்னால் நகர்ந்து, "இன்னொரு வாட்டி படி" என்றாள்.

இரண்டாம் முறை இன்னும் நன்றாகப் படித்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன்.

"முடிச்சி வெக்கறான்னா இன்னா?"

"முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம் சித்தி."

"அந்தம்மாக்கு கண்ணுல தண்ணி வந்துச்சின்னியே?"

"ஆமா. நான்தானே ஈரத்துணி குடுத்தேன்."

"தொடச்சிக்கினேவா எழுதினா?"

"ஆமா."

சித்தி கடிதத்தை வாங்கினாள். படிக்கத் தெரிந்தவளைப் போலச் சிறிது நேரம் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நல்லாப் படிச்ச" என்றாள்.

தபால்காரர் வந்துபோனது அதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா முதலில் வந்தாள், பின்னாலேயே ஏழெட்டுப் பேர். அக்காவின் கடைசிக் குழந்தைக்கும் இழுப்பு. இடுப்பில் தூக்கிக்கொண்டே வந்திருந்தாள்.

"இன்னா எழுதிக்கிறான்?"

"தள்ளிட்டான்" என்றாள் சித்தி.

"தள்ளிட்டானா? எப்டி தள்ளுவான்? நேர்ல வந்து பாத்துக்கினு போனாளே அந்தம்மா!"

"நம்ம தெருவுல எல்லாம் நல்லா கீதுன்னு நம்ம ஆளே சொன்னாங்கன்னு எழுதிக்கிறான்."

வாசலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நம்ம ஆளா? எவ சொன்னா?" எதிர்வீட்டு அக்காவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. "எவன்கிட்ட வாங்கித் தின்னுட்டுச் சொன்னா? யார்னு மட்டும் தெரியட்டும், தெருவுல போட்டு அவ வாயக் கிழிக்கிறேன்."

யார் சொன்னது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். இத்தனை நாள் யாரும் சொல்லாமல் விட்டதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. நான் முன்னால் வந்து, "நான்..." என்று தொடங்கினேன்.

சித்தி என்னை அறைந்தாள். அதற்கு முன்பும் பின்பும் அவள் என்னை அடித்ததே இல்லை. கன்னத்தில் ஐந்து விரலும் பதிகிற அறை.

"பெரியவங்க பேசறப்ப இன்னா நடுவுல? உள்ள போ! அடுப்புல பால வெச்சிட்டு வந்து நிக்குது பாரு!"

அடுப்பில் பால் இல்லை. அடுப்பே எரியவில்லை. நான் உள்ளே போய் வெறும் அடுப்பின் முன்னால் நின்றேன். வெளியே சித்தி, "ஆரும் சொல்லிக்க மாட்டாங்கமே, கவுருமெண்டே எழுதிக்கினான். அவனுக்கு வேற வேல இன்னா" என்று சொல்வது கேட்டது. எதிர்வீட்டு அக்கா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். சித்தியும் சேர்ந்து திட்டினாள். எல்லாரையும்விடச் சத்தமாக, பழைய குரலில்.

உண்மையைச் சொல்ல வந்ததற்கு அடி. அதுவும் பொய்யான ஒரு பாலுக்காக. கடிதத்தில் என்னைப் பற்றி வந்ததை அவளால் பொறுக்க முடியவில்லை என்று முடிவு செய்தேன். அன்று நான் சாப்பிடவில்லை. அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அறையின் நடுவே தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்தாள். அவள் மூச்சு விசில் போல நீண்டு இழுத்து வந்து, நின்று, மறுபடி இழுத்தது. என் மேல் கோபம் இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது, அதனால்தான் அப்படி மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.